என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுக்கும் முன்

வேலூர்க் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்திக்கொண்டே நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸின் திட்ட அலுவலராகவும் இருந்தவன் நான். சேர்க்கை நேரத்தில் அப்பாக்கள் தவறாமல் கேட்பார்கள்: "சார், இதுல சேர்ந்தா போலீஸ் வேலைக்கு உதவுமா?" அவர்கள் மனதில் இருப்பது தேசிய மாணவர் படையான என்.சி.சி.தான். காக்கி உடையும் அணிவகுப்பும் உள்ள அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. என்.எஸ்.எஸ்.ஸை நடத்துவது இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகம். இங்கே மண்வெட்டிதான்.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இது தொடங்கியது. கணக்கு எளிது: ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கத் தயாராக இருந்தால் சமாளித்துவிடலாம்.

பெயர் கொடுக்கும் முன் சீனியர்களிடம் ஒன்று கேளுங்கள்: "நம்ம யூனிட் தத்தெடுத்த கிராமம் எது, கடைசியா எப்போ போனீங்க?" ஊர்ப் பெயரும் அங்கே டீ போட்டுக் கொடுத்த அக்காவின் பெயரும் சட்டென்று வந்தால் அது வேலை செய்யும் யூனிட். பேரணி, உறுதிமொழி, குழுப் படம் என்று மட்டும் சொன்னால் அது காகித யூனிட்.

முகாம்தான் இதன் உயிர். அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரில், பள்ளி வளாகத்தில் முள் வெட்டத்தான் திட்டம் போட்டுப் போனோம். முதல் நாள் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, பாட்டிகள் பலர் முதியோர் உதவித்தொகைக்கு என்ன தாள் வேண்டும் என்றே தெரியாமல் இருந்தார்கள். சரி, முள் பிறகு ஆகட்டும் என்று பாதிப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து மனு எழுதச் சொன்னேன். ஆகவே முதல் நாளே மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஊரைக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் கிளம்பும் முன்பே, குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, உடன் தங்கும் ஆசிரியை யார் என்று விசாரித்துவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

மரம் நடுவதில் எனக்குக் கோபமே உண்டு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று, நம்ம ஊர் வெயில் அடங்கும் முன்பே கன்றை நட்டுப் படமும் எடுத்துவிடுகிறார்கள். ஆட்டுக்கும் வெயிலுக்கும் தப்பிப் பிழைப்பது எத்தனை? புரட்டாசி, ஐப்பசியில் வேம்பும் புங்கனும் நடுங்கள், முள்வேலி போடுங்கள், பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்ற முறை வைத்து நான்கு பேர் பெயரை எழுதி ஒட்டுங்கள். பத்துக் கன்று போதும்.

ரத்ததான முகாமுக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். பதினேழு வயதுப் பையன்கள் முகம் தொங்கித் திரும்புவது வழக்கம்; அவர்களைப் பதிவு மேசையில் உட்காரவையுங்கள். கொடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரவே கூடாது.

அப்புறம், ஒரு நோட்டு வையுங்கள். தேதி, இடம், வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதி அன்றைக்கே திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்துச் சான்றிதழுக்கு மணிக்கணக்கு பார்க்கும்போது அலுவலர் மாறியிருப்பார். புதியவருக்கு உங்கள் முகம் தெரியாது.