பொடுகு, அரிப்பு, தலை வாடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையில் அரிப்பெடுத்து, சட்டையின் தோளில் வெள்ளைத் தூள் உதிரத் தொடங்கியதும், "தலை காய்ந்து கிடக்கிறது, எண்ணெய் வை" என்பதே பெரும்பாலான வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை. உதிர்வதைப் பார்த்தால் வறட்சி போலத்தான் தோன்றும். ஆனால் பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பசை மிகுந்த தலையில் வருவது. வறண்ட தலையில் வருவது குறைவு. ஒரு சிறு சோதனையிலேயே இது தெரிந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் வகிடு பிரித்து, உதிரும் செதிலை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால், வறட்சியால் உதிர்வது மாவு போல நுண்ணியதாக, பிசுக்கின்றி இருக்கும். பொடுகு சற்றே மஞ்சள் நிறத்தில், பிசுபிசுப்பாக, மயிர்க்காலை ஒட்டியே திட்டுத்திட்டாக நிற்கும். தலையோடு புருவத்திலும் மூக்கின் பக்கவாட்டு மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் அதே செதில் இருந்தால் அது பொடுகாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 1874இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் லூயி சார்ல் மலசேயின் பெயரே இதற்கு இடப்பட்டது. வளர்ந்த மனிதர் ஏறத்தாழ எல்லோருடைய தோலிலும் இது குடியிருக்கிறது; ஆகவே பொடுகு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று, அழுக்கின் அடையாளமும் அன்று. தோலின் சுரப்பிகள் கசியும் எண்ணெயைச் சிதைத்து, அதில் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஓலிக் அமிலம் போன்றவற்றை இந்தப் பூஞ்சை மிச்சமாக விட்டுவிடுகிறது. அந்த மிச்சம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, சாதாரணமாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் மெல்லப் புதுப்பிக்க வேண்டிய மேலடுக்கை அவசர அவசரமாகப் புதுப்பிக்கிறது. முதிராத செல்கள் கொத்துக்கொத்தாக உதிர்கின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும் பதின்பருவம் தொடங்கிய பிறகே பெரும்பாலும் பொடுகு தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவும் தெரிந்தபின் எண்ணெய்க்கு வருவோம். இந்தப் பூஞ்சையின் பெரும்பாலான வகைகள் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே தயாரிக்க இயலாதவை. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க வேண்டுமானால் வளர்ப்பூடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெயைப் பரப்புவது வழக்கம் என்பதே நமக்குப் போதிய பாடம். தேங்காயெண்ணெயின் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நல்லெண்ணெயில் கணிசமான பங்கு, மேலே சொன்ன அதே ஓலிக் அமிலம். பொடுகு உள்ள தலையில் இவற்றைத் தேய்த்து இரவு முழுவதும் ஊறவிட்டால், செதில்கள் எண்ணெயில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்வதால் மறுநாள் தலை சுத்தமானது போலத் தோன்றும். இரண்டொரு நாளில் எண்ணெய் இறங்கியதும் அரிப்பு முன்னைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பும். அந்த இரண்டு நாள் நிம்மதியே பலரை ஆண்டுக்கணக்கில் ஏமாற்றிவருகிறது.

எண்ணெயை அடியோடு விலக்கச் சொல்வதற்கில்லை. முடியிழைக்குத் தேங்காயெண்ணெய் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆகவே அதைத் தலைத்தோலில் படாமல், முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவிக்கொள்ளலாம். செதில் தடித்து அடையாகப் படிந்திருப்பவர்கள் குளிப்பதற்குச் சற்று முன் எண்ணெய் தடவி, அடை இளகியவுடன் மருந்து ஷாம்பு போட்டு முழுமையாக அலசிவிடுவதிலும் தவறில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்களும், தலை தேறும்வரையாவது எண்ணெயைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த பெரிய தவறு, மருந்து ஷாம்பூவைச் சாதாரண ஷாம்பூவைப் போலப் பயன்படுத்துவது. மருந்துக் கடையில் கிடைக்கும், பூஞ்சையை அடக்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தலையில் ஊற்றி, நுரை வந்ததும் கழுவிவிட்டு, "எனக்கு அது கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். அந்த மருந்து வேலை செய்ய மூன்று முதல் ஐந்து நிமிடமாவது தோலில் இருக்க வேண்டும். முடியில் இருந்து பயனில்லை. முதலில் சாதாரண ஷாம்பூவால் பிசுக்கை எடுத்துவிட்டு, ஈரத் தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி மருந்தைத் தடவி, உடம்புக்குச் சோப்புப் போட்டு முடிக்கும்வரை விட்டு, பிறகு அலசுவதே முறை. வாரத்துக்கு இருமுறை என்று இரண்டு முதல் நான்கு வாரம் தொடர வேண்டும். ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு கலந்தவையும் பயன் தருபவையே. செலினியம் சல்ஃபைடு நகைகளை மங்கச் செய்யக்கூடும் என்பதால் மோதிரத்தையும் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நலம். ஒன்றை ஒரு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியும் பலனில்லையென்றால் வேறு மருந்துப் பொருள் உள்ள ஷாம்பூவுக்கு மாறலாம். வாரத்துக்கொரு பிராண்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் கேட்காது.

தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவதும் இதோடு சேர்ந்ததே. தலை குளிக்கும்போது கொத்தாக முடி வருவதைக் கண்டு அஞ்சி, வாரத்துக்கு ஒருமுறை என்று சுருக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கழுவாத நாள்களில் உதிர்ந்து சிக்கியிருந்தவையும் சேர்ந்து குளிக்கும் நாளில் ஒன்றாக வருகின்றன, அவ்வளவே. பிசுக்கும் வியர்வையும் மிகுந்த தலையானால் ஒருநாள் விட்டு ஒருநாள் மென்மையான ஷாம்பூவால் கழுவுவதில் கேடில்லை. சீயக்காய் பிசுக்கை எடுக்கும். ஆனால் அதன் தூள் மயிர்க்கால்களில் தங்கிக் காய்ந்தால் அதுவே புதிய செதில்போலக் கண்ணுக்குத் தெரியும், அரிக்கவும் செய்யும்.

எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, சமையல் சோடா ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொறிந்து புண்ணான தோலில் இவை எரிச்சலைக் கூட்டும்; எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுப்பதும் உண்டு. தயிரும் வெந்தயமும் அந்த அளவுக்குத் தீங்கானவை அல்ல என்றாலும், அரைகுறையாக அலசினால் மாலைக்குள் புளித்த வாடை வந்துவிடும்.

வாடையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் அதை மறைக்கவே முயல்கிறார்கள். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு வாடை அநேகமாக இல்லை. வியர்வையும் எண்ணெயும் உதிர்ந்த செதிலும் காற்றோட்டமின்றி அடைபட்டுக் கிடக்கையில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைப்பதால்தான் அந்தச் சிக்கு நாற்றம் எழுகிறது. காலையில் அவசரமாகத் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு பின்னலிட்டு அல்லது கொண்டை முடிந்து, அதன்மேல் பூவும் வைத்துக்கொண்டு கிளம்பினால், அடிமயிர் மாலைவரை காய்வதில்லை. ஈரத் தலையில் ஹெல்மெட் போடுவதும் அப்படித்தான். போதாக்குறைக்கு அதன் உள்துணி மாதக்கணக்கில் தண்ணீரையே பார்ப்பதில்லை. கழற்றக்கூடிய உள்துணியாயின் கழற்றித் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். தலையணை உறை, சீப்பு, தலை துவட்டும் துண்டு ஆகியவற்றுக்கும் அதே கவனம் தேவை. சாம்பிராணிப் புகையும் வாசனைத் தைலமும் வாடையை ஒன்றிரண்டு மணி நேரம் மூடிவைக்கும், காரணத்தைத் தொடாது.

பேன் சீப்பால் செதிலைச் சுரண்டி எடுப்பதில் ஒருவித இன்பம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் கூரிய நெருங்கிய பற்கள் தோலைக் கீறிவிடும். கீறலில் பாக்டீரியா புகுந்தால் சீழ்க்கொப்புளம் கிளம்பும், நாற்றமும் கூடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதும், சொறிவதற்குப் பதில் விரல் நுனியால் அழுத்திவிடுவதும் சிறிது உதவும்.

தலை தெளிந்தவுடன் மருந்தை முற்றிலும் நிறுத்திவிடுவது, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சிகிச்சையைக் கெடுக்கும் தவறு. பொடுகைக் கட்டுக்குள் வைக்கலாம். வேரோடு களைய முடியாது, ஏனெனில் பூஞ்சையும் சுரப்பியும் அங்கேயேதான் இருக்கின்றன. மொட்டை போட்டாலும் இதே கதைதான்: மருந்து எளிதாகத் தோலைச் சென்றடையும் என்பதைத் தவிர அதனால் நிலையான பயன் இல்லை. தேறிய பிறகும் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை அதே ஷாம்பூவைத் தொடர வேண்டும். குளிர்காலத்திலும், தேர்வு, வேலைப்பளு போன்ற மன அழுத்த நாள்களிலும் இது கிளர்ந்தெழுவது சகஜம்.

கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு மருந்தைத் தலையில் தடவுவது மற்றவற்றைவிட ஆபத்தானது. அரிப்பு ஒரே நாளில் அடங்கும். அதை நம்பித் தொடர்ந்தால் தோல் மெலியும், நிறுத்தியதும் நோய் இரட்டிப்பாகும், உள்ளே பூஞ்சைத் தொற்று இருந்தால் மறைந்தபடியே பரவும். மருத்துவர் அளவும் நாளும் குறித்துக் கொடுத்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

உதிர்வதெல்லாம் பொடுகும் அல்ல. வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றியோரம் தாண்டி இறங்கி, முழங்கையிலும் முழங்காலிலும் தெரிந்தால் அது சொரியாசிஸ் என்ற தோல் நோய் ஆகலாம். பிடரியிலும் காதின் பின்புறமும் மட்டும் அரித்தால் முதலில் பேனையும் ஈரையும் தேட வேண்டும். சிறு பிள்ளையின் தலையில் வட்டமாக முடி ஒடிந்து, கரும்புள்ளிகளோ சீழ்க்கட்டியோ தெரிந்தால், அது பெரும்பாலும் தலைப் படர்தாமரை. அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் உள்மருந்து தேவைப்படும், தாமதித்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். இத்தகைய ஐயத்தோடு தோல் மருத்துவரிடம் செல்லும்போது, அன்று காலையில் எண்ணெய் வைக்காமலும், மருந்து ஷாம்பு போட்டுச் செதிலைக் கழுவிவிடாமலும், அதுவரை பயன்படுத்திய புட்டிகளையும் டியூப்களையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.