இணையவழி உளவியல் சிகிச்சை: சிகிச்சையாளர்கள் கவலையோடு சுட்டும் தவறுகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அதுவரை இணையவழிச் சிகிச்சையை ஐயத்தோடு பார்த்துவந்த உளவியல் சிகிச்சையாளர்கள் பலர் வேறு வழியின்றிக் காணொளி அழைப்புக்கு மாறினார்கள். அதே மாதம் 25ஆம் தேதி இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குக் காணொளிவழிச் சிகிச்சை நேர்ச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியதால், அந்த ஐயம் பெருமளவு தணிந்துவிட்டது. ஆயினும் சிகிச்சை அறையும் அதன் மூடிய கதவும் யாரும் கேட்காமலே செய்துவந்த வேலைகள் சில உண்டு. திரைக்கு மாறும்போது அவற்றை ஒருவர் நினைவாகச் செய்தாக வேண்டும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

முதலாவது, வீட்டில் இருப்பதையே தனிமையில் இருப்பதாக எண்ணிக்கொள்வது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. ஆனால் அச்சட்டம் சிகிச்சை அளிப்பவரைக் கட்டுப்படுத்துமே தவிர, அடுத்த அறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மாமியாரின் காதுகளைக் கட்டுப்படுத்தாது. ஹெட்போன் அணிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஆலோசகரின் குரலை மறைக்குமே ஒழிய, பேசுபவரின் குரலை மறைக்காது. எனவே ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், “ஆம், இல்லை” என்று மட்டும் பதில் சொல்லும்படியாக, “தனியாக இருக்கிறீர்களா?” என்று ஆலோசகர் கேட்க வேண்டும், யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவதற்கு ஒரு சாதாரணச் சொல்லை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மொட்டை மாடியோ நிறுத்திவைத்த காரோ கைகொடுக்கலாம். கணவர் கைப்பேசியைச் சோதிக்கும் வீட்டில் அடிபட்டு வாழும் பெண்ணுக்கோ இணையவழி அமர்வே ஆபத்தாக முடியலாம். அவரை நேரில் சந்திக்க வழி தேடுவதே பொறுப்பான செயல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு இதைவிடக் கடுமையானது: எதிரில் இருப்பவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று கேட்காமல் விடுவது. சென்னையில் இருக்கும் ஆலோசகரிடம் ஒருவர் சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி, உடனே அழைப்பு துண்டிக்கப்பட்டால், ஆறு மாதம் முன்பு படிவத்தில் எழுதிய முகவரியால் என்ன பயன்? அவர் சொந்த ஊருக்குச் சென்றிருக்கலாம். ஒவ்வொரு முறையும் இருப்பிடத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அழைக்கத்தக்க ஒருவரின் எண்ணைப் பெற்றுவைப்பதும், இணைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்வதும் முதல் அமர்விலேயே நடந்திருக்க வேண்டும். ஏனெனில் மனம் உடைந்திருப்பவர் அறுந்த அழைப்பைக் கைவிடுதலாகவே உணரக்கூடும். சிகிச்சை பெறுபவர், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, இந்திய அரசின் தொலைபேசிவழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அங்கே எந்நேரமும் தமிழில் பேசலாம்.

திரையில் தெரிவதே முழு மனிதர் என்று நம்புவதும் தவறே. மேசைக்கடியில் ஆடும் கால், நடுங்கும் விரல், மதுவாடை ஆகியவை கேமராவில் அகப்படா. மௌனம்கூட இங்கே குழப்பும்: அழுகையை அடக்குகிறாரா, இணையம் உறைந்துவிட்டதா? ஊகிக்காமல் வாய்விட்டுக் கேட்பதே முறை. கடுமையான தற்கொலை எண்ணமோ, மாயக்குரல்கள் கேட்கும் நிலையோ இருந்தால், நேரில் பார்க்கவும் குடும்பத்தை ஈடுபடுத்தவும் தயங்கக் கூடாது.

நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கெல்லாம் பதில் எதிர்பார்ப்பதும் அனுப்புவதும், அனுமதியின்றி அமர்வைப் பதிவு செய்வதும் இரு தரப்பும் தவிர்க்க வேண்டியவை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம், அத்தொழிலில் இருப்பவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (RCI) பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பலரும் கவனியாத ஒன்று, அமர்வு முடிந்த அடுத்த நிமிடம். ஆலோசகரின் அறையிலிருந்து திரும்புபவருக்குப் பேருந்துப் பயணமாவது கிடைக்கும். பேசியவை மனத்தில் படிய அந்த அரைமணி உதவும். மடிக்கணினியை மூடியவுடன் அடுப்படிக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ ஓடுபவருக்கு அது இல்லை. அமர்வுக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடங்களை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவையுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.