இடது கையின் பழைய பழக்கம்: பைக் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் பைக் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்கே புதியவர்கள் அல்லர். பள்ளிக்கூட நாட்களிலேயே தோட்டத்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்தடத்தில், அப்பாவின் டிவிஎஸ் எக்செல்லை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போய் வந்திருப்பார்கள். ஆகவே கியர் வண்டி வீட்டுக்கு வந்ததும், "ஓட்டத்தான் தெரியுமே, கியர் போடுவது ஒன்றுதானே பாக்கி" என்று நினைத்து முதல் நாள் மாலையிலேயே மெயின் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பலவற்றுக்கு இந்த நினைப்பே வேர் என்பது, உறவிலும் ஊரிலும் சிலருக்கு வண்டி பழக்கிவிட்ட அனுபவத்தில் நான் கண்டது. ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது. எக்செல் ஓட்டி வந்தவருக்கோ முதலில் பழைய பழக்கத்தை மறக்கச் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பழக்கங்களில் மிகவும் ஆபத்தானது இடது கையில் இருக்கிறது. எக்செல்லிலும் ஸ்கூட்டரிலும் இடது கைப் பிடி பின் பிரேக். கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். நிதானமாக ஓட்டும்போது இந்த வேறுபாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். திடுக்கிடும் நொடியில் மட்டும் கை தனக்குத் தெரிந்த பழைய வேலையைச் செய்துவிடும். எனக்கு அது காங்கேயத்துக்கு அருகே ஒரு கிராமச் சாலையில் நடந்தது. பைக் வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. சோளக்காட்டிலிருந்து ஒரு மயில் தாழப் பறந்து குறுக்கே வந்தபோது, இடது கைப் பிடியை என் பலம் முழுவதையும் கொண்டு இறுக்கினேன். எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி முன்னைவிட லேசாக உருண்டது. ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு விளங்குவதற்குள் கிளுவை வேலிக்குள் கிடந்தேன். வலது கால் பிரேக் மிதியின் மேலேயே இல்லை, ஏனென்றால் எக்செல்லில் அந்தக் காலுக்கு வேலை கிடையாது.

கிளட்ச் என்பது எஞ்சினையும் பின் சக்கரத்தையும் பிரித்துவிடுகிறதே தவிர, வண்டியை நிறுத்துவதில்லை. இதைப் புத்தியால் அறிந்தால் போதாது, கைகாலால் அறிய வேண்டும். அதற்கு நான் கண்ட வழி மிகவும் எளியது. ஆளில்லாத களத்திலோ, விடுமுறை நாளில் பள்ளி மைதானத்திலோ இரண்டாம் கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழக்குகிறவர் ஓர் ஓரமாக நின்று எதிர்பாராத நேரத்தில் கை தட்டுவார். தட்டியதும் வலது காலும் வலது கையும் பிரேக்கைப் பிடிக்க, இடது கை கிளட்ச்சைப் பிடிக்க, வண்டி நேராக நின்று இடது கால் மண்ணில் ஊன்ற வேண்டும். நாளொன்றுக்கு முப்பது முறை, ஒரு வாரம். இதைச் செய்யாமல் மெயின் ரோட்டுக்குப் போகிறவரை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன், கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. வீட்டில் எக்செல்லும் பைக்கும் சேர்ந்து இருந்தால், முதல் ஒரு மாதமாவது இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாமல் இருப்பது நல்லது.

இதே குழப்பம் கியரிலும் உண்டு. ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் நான்கு கியரும் முன் மிதியை அழுத்தினால்தான் ஏறும். பல்சர், அப்பாச்சி போன்றவற்றில் முதல் கியர் மட்டும் கீழே. மற்றவற்றை விரலால் மேலே தூக்கிப் போட வேண்டும். மாமாவின் ஸ்பிளெண்டரில் பழகியவர் நண்பனின் பல்சரை இரவல் வாங்கிக்கொண்டு வேகமாகப் போகும்போது, கியரை ஏற்றுவதாக எண்ணி முன் மிதியை அழுத்தினால் கியர் இறங்கிவிடும். கிளட்ச்சை விட்ட மாத்திரத்தில் பின் சக்கரம் கவ்விக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். அடுத்தவர் வண்டியை வாங்கினால், கிளப்புவதற்கு முன் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஒருமுறை எல்லாக் கியரையும் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

கிளட்ச்சைப் பட்டென்று விடுவது எல்லாரும் செய்கிற தவறு. வண்டி குதித்து அணைந்துபோகும், அல்லது முன்னால் பாயும். பாய்வதுதான் பயங்கரம்: வண்டி முன்னே தாவும்போது உடல் பின்னே சாய்கிறது, சாய்கிற உடல் ஹேண்டில்பாரைப் பற்றித் தொங்குகிறது, தொங்குகிற வலது கை ஆக்சிலேட்டரை மேலும் முறுக்கிவிடுகிறது. பயப்படப் பயப்பட வேகம் கூடும். ஆக்சிலேட்டரை முறுக்காத நிலையில் முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். மணிக்கட்டைத் தூக்கி வைத்துப் பிடிக்கிறவர்கள்தான் தம்மை அறியாமல் முறுக்கிவிடுகிறார்கள். மீறி நடந்துவிட்டால், இங்கேதான் கிளட்ச் காப்பாற்றும்: அதை முழுவதுமாகப் பிடித்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு அலறினாலும் சக்கரத்துக்கு வேகம் போகாது, அதன்பின் பிரேக்கைப் பிடிக்கலாம்.

எனக்குப் பழக்கிய மாமா ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விட்டு, வண்டி தானாக நகர ஆரம்பிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். "பட்டுனு உட்றாத கண்ணு, கெணத்துல கவுறு உடற மாதிரி உடு" என்பார். விரல்கள் பாதிவரை திறந்ததும் எஞ்சினின் சத்தம் சற்றே இறங்கும், இருக்கை லேசாக உயர்ந்தது போலத் தோன்றும், முன் சக்கரம் ஒரு சாண் நகரும். அந்த இடத்திலேயே விரல்களை நிறுத்திப் பிடிக்கத் தெரிந்துவிட்டால், பேருந்து நிலைய நெரிசலிலும் மேட்டிலும் வண்டி கைக்குள் நிற்கும். சாதாரண நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகள் சமதரையில் இப்படி ஆக்சிலேட்டர் இல்லாமலே நகரும். ஆனால் நகர்ந்து வேகம் எடுத்தபின்னும் அரைக் கிளட்ச்சிலேயே விரல் வைத்து ஓட்டுவது வேறொரு தவறு. கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும், செலவு மெக்கானிக் கடையில் தெரியும்.

முன் பிரேக்கைப் பற்றி நம் ஊர்களில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை இருக்கிறது: "முன் பிரேக்கத் தொட்டா கவுத்திரும்." பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி, பத்து வருடம் ஓட்டியவர்கள்கூடப் பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பதைப் பார்க்கிறேன். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. எனவே தரையைக் கவ்வி நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் லேசான சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுச் சறுக்கும். கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, அதைத் திடீரென்று முழுப் பலத்தில் கவ்வுவதும், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது அல்லது மணலின் மேல் கவ்வுவதும்தான். துணியைப் பிழிவதுபோல முதலில் லேசாகப் பிடித்து, முன் ஃபோர்க் அமுங்கியதை உணர்ந்தபின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், பின் பிரேக்கும் கூடவே இருக்க வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். 125 சிசி வரையிலானவற்றில் பெரும்பாலும் காம்பி பிரேக் இருக்கும், அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டிகளில் இரண்டும் இருக்காது. வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஓட்டக் கூடாது.

வேகத்தின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதன்பின் நிற்பதற்கான தூரமோ வேகத்துக்கு நேராகக் கூடுவதில்லை: 30-இல் தேவைப்பட்டதைப் போல நான்கு மடங்கு 60-இல் தேவைப்படும். முன்னால் போகும் சிற்றுந்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போது காலை ஊன்றிவிடுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் முன் சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலையைத் தூக்கி அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்து, அரைக் கிளட்ச்சில் பின் பிரேக்கை லேசாக வைத்துக்கொண்டால் எட்டு தானாக வரும். சாலையில் குழியைக் கண்டதும் குழியையே முறைத்துப் பார்த்து அதற்குள்ளேயே இறக்குவதும் இதே பிழைதான். எட்டுப் போடுவதற்காகச் சிலர் ஸ்கூட்டரைக் கொண்டுபோகிறார்கள். அதில் தேறினால் கிடைப்பது கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. எல்எல்ஆர் என்னும் பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும், அந்த உரிமம் 6 மாதம் செல்லும். அந்த நாட்களைக் காத்திருப்பாகக் கருதாமல் பழகும் காலமாகப் பயன்படுத்த வேண்டும். எல் பலகையோடு ஓட்டும்போது பழக்குகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. 16 வயதில் எக்செல் ஓட்டலாம் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். சட்டம் அந்த வயதில் அனுமதிப்பது 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டியை, எக்செல் நூறோ ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு.

நம் பகுதிச் சாலைகளுக்கென்று சில குணங்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தையும் சோளக்கதிரையும் தார்ச்சாலையின் ஒரு பாதியில் காயப் போட்டிருப்பார்கள். உருண்டையான மணிகளின் மேல் டயர் ஏறுவது கோலிக்குண்டின் மேல் நடப்பது போன்றது. அதன் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டில்பாரையும் திருப்பக் கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களில் பின்விளக்கு எரிவது அரிது. பொழுது சாய்ந்தபின் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசும்போது, முன்னால் இருட்டாகத் தெரியும் இடம் வெற்றுச் சாலை என்று எண்ணிவிடக் கூடாது. கோடைக்குப் பின் விழும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும்; அடித்துப் பெய்து கழுவிய பிறகு இருப்பதைவிட அந்த முதல் கால் மணி நேரம் மோசமானது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில், பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துத் திறந்தவெளிச் சாலைகளில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். புதியவர்கள் அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள், இறுக்கிய கையின் நடுக்கம் முழுவதும் சக்கரத்துக்குப் போகிறது. முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்துக்கொண்டு, கைகளைத் தளர்வாக வைத்து, வேகத்தைக் குறைத்தால் வண்டி தானே நேர்ப்படும். எதிரே பெரிய லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து மறுகணம் அறையும் என்பதை எதிர்பார்த்து, சாலையின் விளிம்பை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுவது நல்லது.

தலைக்கவசத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை வாங்க வேண்டும், வாரைப் பூட்ட வேண்டும். பூட்டாத கவசம் தலைக்கு முன்னால் பறந்துவிடும்.

கொஞ்சம் கை பழகியதும் இளைஞர்கள் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது எஞ்சின் திணறித் தவறைச் சொல்லிவிடும். இறங்கும்போது எதுவும் சொல்லாது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையும் அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்போது வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. பிரேக் சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும், டிரம் பிரேக்கில் அது விரைவாகவே நடக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால், ஆக்சிலேட்டரை விட்ட எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிட்டு, கியரை இறக்கிக்கொண்டு, வளைவின் மறுமுனையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். குறுகிய இடத்தில் எதிரே ஏறி வரும் பேருந்துக்கு வழி விட்டு இறங்குகிறவர் நிற்பதே முறை. கொண்டை ஊசியில் திரும்பும் பேருந்துக்கு சாலையின் முழு அகலமும் தேவைப்படும்.

கடைசியாக, பாரம். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வேலை வீட்டில் புதிதாக வண்டி பழகிய பிள்ளையிடம்தான் முதலில் வந்து சேர்கிறது. இருபுறமும் தொங்கும் கேன்கள் நிறைந்திருக்கும்போது வண்டி சீராக இருக்கும்; பாதி நிறைந்த கேன்தான் தொல்லை, ஏனென்றால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பால் அலைந்து வண்டியை ஒருமுறை கூடுதலாகத் தள்ளும். ஒரு பக்கம் மட்டும் கேனைக் கட்டினால் மெதுவாகப் போகும்போது வண்டி அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். முதல் சில நாட்கள் கேன்களில் தண்ணீரை நிரப்பிக் களத்திலேயே சுற்றிப் பழகிவிட்டு, நிற்கும் தூரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பிரேக் பிடித்துப் பார்த்து, பின் டயரில் காற்று குறைவாக இருந்தால் அடித்துக்கொண்டு, அதன் பிறகு பாலை ஏற்றச் சொல்லுங்கள்.