குறைந்த செலவில் ஹிப் ஹாப் பீட்: மடிக்கணினியும் வயர் ஹெட்ஃபோனும் போதும்

ஹிப் ஹாப் பீட், அதாவது ராப் பாடலுக்கான பின்னணித் தாள இசை, போடத் தொடங்க எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருந்தால், வயர் உள்ள நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைத் தவிர வேறு எதையும் இப்போது வாங்க வேண்டாம். 1987இல் வெளிவந்து, நியூயார்க் ஹிப் ஹாப்பின் ஓசைக்கே உருவம் கொடுத்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் (ஒலித் துண்டுகளைப் பதிந்து, தட்டி வாசிக்கும் கருவி) மொத்தம் 10 விநாடி ஒலியைத்தான் பதிந்து வைக்க முடியும். அந்த 10 விநாடிக்குள் அடக்குவதற்காக இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதனால் கூடிய கரகரப்பை இன்றும் பலர் தேடிப் போகிறார்கள். உங்கள் கணினியில் அதைவிடப் பல மடங்கு வசதி இருக்கிறது.

இசையைப் பதிந்து கோர்க்கும் மென்பொருளில் என் தேர்வு ரீப்பர். 60 நாள்கள் எல்லா வசதிகளுடனும் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய கணினியையும் திணறடிக்காது. எஃப்எல் ஸ்டுடியோ பலருக்குப் பிடித்தமானது, நல்ல மென்பொருளும்கூட. ஆனால் அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, பணம் கட்டும் வரை மறுபடி திறக்க முடியாது என்பதால், கையில் காசில்லாமல் தொடங்குபவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மேக் வைத்திருப்பவர்கள் காரேஜ்பேண்டிலேயே தொடங்கிவிடலாம். கணினியே இல்லாதவர்கள், கோவாலா சாம்ப்ளர் என்ற மலிவான கைபேசிச் செயலியில் தொடங்குங்கள். ஹெட்ஃபோனுக்கு ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் போதும். கணினியோடு இணைத்து விரலால் தட்டி வாசிக்கும், பேட் பதித்த மிடி கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரீப்பரைத் திறந்து வேகத்தை 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தாள அடிகள்) என்று வையுங்கள். மூன்று ட்ராக்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ரீசாம்ப்ளோமேட்டிக்5000 என்ற பிளகினை (துணை மென்பொருளை) சேருங்கள். இது ரீப்பரோடு இலவசமாகவே வருகிறது. ஒன்றில் கிக் (கனமான டிரம் அடி), அடுத்ததில் ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி), மூன்றாவதில் ஹை-ஹாட் (சிம்பல்) ஒலியை இழுத்துப் போடுங்கள். ஒலிகளை ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுக்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறுபடும் என்பதால், எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 வகையை மட்டும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. வீட்டில் எவர்சில்வர் தம்ளரின் விளிம்பைக் கரண்டியால் மெல்லத் தட்டிக் கைபேசியில் பதிந்து, கீழ் அதிர்வெண்களை வெட்டிவிட்டு ஹை-ஹாட்டோடு கலந்து பாருங்கள். வேறு யாரிடமும் இல்லாத ஓசை அப்படித்தான் கிடைக்கும்.

இப்போது ஒரு பாரை (நான்கு தாள அடிகள் கொண்ட சுற்றை) 16 கட்டங்களாகப் பிரியுங்கள். ஸ்னேர் 5ஆம், 13ஆம் கட்டங்களில் விழட்டும். கிக் 1, 8, 11. ஹை-ஹாட் 1, 3, 5 என ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். இயக்கிப் பாருங்கள், தாளம் சரியாக இருக்கும், ஆனால் விறைப்பாக, உயிரில்லாமல் ஒலிக்கும்.

என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். விறைப்பைப் போக்கச் சுவிங்கை (சில அடிகளைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதியை) கூட்டுங்கள் என்று எல்லா விளக்கங்களும் சொல்கின்றன. கூட்டினால் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. காரணம் எளியது: சுவிங் நகர்த்துவது இரட்டைப்படைக் கட்டங்களில் உள்ள அடிகளை மட்டுமே. நாம் போட்ட தாளத்தில் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் முழுக்க ஒற்றைப்படைக் கட்டங்களில் இருப்பதால், 8ஆம் கட்டத்துக் கிக் ஒன்றைத் தவிர நகர்வதற்கு அங்கே எதுவுமில்லை. ஆகவே முதலில் 8, 16 ஆகிய கட்டங்களில் மெல்லிய ஹை-ஹாட் அடிகளைச் சேருங்கள். வெலாசிட்டி, அதாவது அடியின் வலிமை, 127 வரை போகும். முக்கிய அடிகள் 100 அளவிலும், இந்த மெல்லிய அடிகள் 60 அளவிலும் இருக்கட்டும். அதன் பிறகு சுவிங்கைக் கூட்டினால் மாற்றம் உடனே காதில் விழும்.

எவ்வளவு கூட்டுவது? இரண்டு கட்டங்களின் மொத்த நீளத்தில் முதல் கட்டத்துக்குக் கிடைக்கும் பங்கைத்தான் சுவிங் சதவீதம் காட்டுகிறது. ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி சாம்ப்ளர் கருவிகளில் 50 சதவீதம் என்றால் சுவிங்கே இல்லை, 66 சதவீதம் என்றால் மூன்றாகப் பிரியும் நடை. ஹிப் ஹாப்புக்கு 54 முதல் 62 வரை பொருந்தும். 90 பிபிஎம்மில் ஒரு கட்டத்தின் நீளம் ஏறத்தாழ 167 மில்லிவிநாடி. 58 சதவீதம் வைத்தால் இரட்டைப்படை அடி 27 மில்லிவிநாடி தாமதமாக விழும். மென்பொருளுக்கு மென்பொருள் சுவிங் அளவுகோல் வேறுபடுவதால், எண்ணை அப்படியே எடுத்துப் போடாமல் இந்தத் தாமதத்தையே கணக்கில் வையுங்கள். ரீப்பரில், அடிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைத்துவிட்டு, 8ஆம், 16ஆம் கட்டத்து அடிகளைக் கையால் வலப்பக்கம் நகர்த்தலாம். ஒரு தாள அடிக்கு, அதாவது நான்கு கட்டங்களுக்கு, 960 டிக் (மிகச் சிறிய நேர அலகு) என்ற அதன் இயல்பான கணக்கில் 58 சதவீதம் என்பது 38 டிக். கையால் நகர்த்துவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் எந்த அடி எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பதைக் காது தீர்மானிக்கிறது. டெட்ராய்ட்டின் பீட் கலைஞர் ஜே டில்லா, எம்பிசி3000 கருவியில், அடிகளைக் கட்டத்தோடு இறுக்கிப் பொருத்தும் குவான்டைஸ் வசதிக்கு முழுக்கக் கட்டுப்படாமல் தாளங்களை அமைத்தார். அந்தக் கருவி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது பேஸ் என்ற கீழ் ஸ்தாயி ஒலி. ரோலண்ட் நிறுவனம் 1980 முதல் 1983 வரை தயாரித்த டிஆர்-808 கருவியின் கிக் ஒலியை நீட்டி, ஸ்வரம் ஸ்வரமாக வாசிப்பதைத்தான் 808 பேஸ் என்கிறோம். அதே ரீசாம்ப்ளோமேட்டிக்5000 பிளகினில் ஒலியைப் போட்டு, இயங்குமுறையை அரை ஸ்வரம் வீதம் நகரும் நோட் முறைக்கு மாற்றி, ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்ததோடு கலந்து குழம்பும். ஒலியின் அடிப்படை ஸ்வரம் எது என்பதை ரீப்பரின் ரீட்யூன் பிளகின் காட்டும். கீழ் ஸ்தாயியில் அது தடுமாறினால், ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாருங்கள். 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பேஸ் கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் விளைவு) சேர்த்தால் 110, 165 ஹெர்ட்ஸ் போன்ற மேல் அதிர்வெண்கள் கூடி, பேஸ் இருப்பது அங்கேயும் புலப்படும்.

பழைய பாடல்களை வெட்டிச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வீட்டில் பயில்வதற்கு அதைவிட நல்ல பள்ளி இல்லை. வெளியிடுவது வேறு விஷயம். அமெரிக்காவில் 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுப்பது பெரும் ஆபத்தாயிற்று. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. இசையமைப்பின் உரிமையோ இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தொடர்கிறது. பதிவு பழையது என்பதால் மட்டும் பாட்டு எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது.

முடித்த பிறகு, எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டர் ட்ராக்கின் உச்ச அளவு -6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, 24 பிட் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். ராப் பாடுபவரின் குரலுக்கு இடம் வேண்டும்.

பிற்சேர்க்கை: கணினி விசைப்பலகையில் தட்டினால் ஒலி தாமதமாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். புளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அந்தத் தாமதத்தை ரீப்பரின் எந்த அமைப்பாலும் போக்க முடியாது. விண்டோஸில் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவி, பஃபரை (ஒலியை ஒரு கணம் சேர்த்து வைக்கும் அளவை) 256 என்று வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் பதிவு வேகத்தில் அது ஏறத்தாழ 6 மில்லிவிநாடி. ஒலி வெட்டி வெட்டி வந்தால் 512க்கு ஏற்றுங்கள். இந்த டிரைவர் இயங்கும்போது பிரவுசரில் ஒலி வராமல் போகலாம். ரீப்பரை மூடினால் திரும்பிவிடும்.