வேலையில் முதல் நாள்: கோப்பு ஏற்றுவதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

புது வேலையின் முதல் நாளில் பிற்பகல் இரண்டு மணி வரை நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். சான்றிதழ்களை நிறுவனத்தின் தளத்தில் ஏற்றுவதும், 'கோப்பு பெரிதாக உள்ளது' என்று சிவப்பில் வருவதைப் பார்ப்பதும். என்னோடு சேர்ந்தவர்கள் அதற்குள் லேப்டாப் வாங்கி இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வேலைக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எச்.ஆருக்கு ஒரு மெயில்

எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வாசல், யாரைக் கேட்க வேண்டும், எந்தெந்த அசல் சான்றிதழ்கள் வேண்டும். இந்த நான்கையும் ஒரே மெயிலில் கேளுங்கள். பதிலில் வரும் பெயரையும் போன் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரவேற்பில் நின்று மெயிலைத் தேடும்போதுதான் நெட் காலை வாரும்.

2. தாள்கள்

ஆஃபர் லெட்டர், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள், வங்கி விவரம், புகைப்படம். முன்பு வேலை பார்த்தவர் என்றால் ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பும் பெரும்பாலும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எச்.ஆரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. ஸ்கேன் (நான் விழுந்த குழி)

ஒரு கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். நான் போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பிக்கு மேல். ஜிப் செய்து பார்த்தேன், அளவு அசையவே இல்லை. ஜேபிஜி படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். அதில் ஜிப் பிழிந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி இறக்கினேன். அளவு குறைந்தது, ஆனால் முத்திரையில் இருந்த எழுத்து கரைந்துபோனது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குறைக்க வேண்டியது புள்ளிகளின் எண்ணிக்கையை. ஓர் ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். 150 டிபிஐயில் 1240 × 1754, அதாவது கால் பங்குதான். ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணத்தில் மூன்று எண்கள் வேண்டும், கறுப்பு வெள்ளைச் சாயலில் (கிரேஸ்கேல்) ஒன்று போதும். ஆகவே 150 டிபிஐ, கிரேஸ்கேல், பிடிஎஃப். பொடி எழுத்து இருந்தால் 200 வைக்கலாம். அடையாள அட்டையை மட்டும் வண்ணத்திலேயே விடுங்கள்.

இதோடு 300 டிபிஐ வண்ணத்தில் இன்னொரு தொகுப்பும் எடுத்து வையுங்கள். சிறிதாக்கும்போதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஜேபிஜியைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

ஸ்கேனர் இல்லையா? ஐபோனில் நோட்ஸ், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ், இரண்டிலுமே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஸ்கேனர் இருந்தால் என் ஓட்டு நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளுக்கு. 'பிடிஎஃப்பைச் சுருக்கித் தருகிறோம்' என்று அழைக்கும் இணையதளங்களில் மட்டும் அடையாள அட்டையை ஏற்றவே ஏற்றாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

4. வழி

ஒரு வேலை நாளில், அதே நேரத்துக்குக் கிளம்பி ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையை நம்பாதீர்கள். புது ஷூ என்றால் அன்றே போட்டு நடந்து பார்த்துவிடலாம்.

5. முந்தைய இரவு

போனை முழு சார்ஜில் வையுங்கள், சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லாகினுக்கான குறியீடு பெரும்பாலும் போனுக்குத்தான் வரும். பேனா, சின்ன நோட்டு, அசல்கள் இருக்கும் ஃபைல். சரி, பை தயார்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், தளம் தங்கள் பே ஸ்லிப்பை ஏற்கவில்லை என்றார்கள். அளவு சரிதான், கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தது. குரோமில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பிரிண்ட் போய், பிரிண்டருக்குப் பதிலாக பிடிஎஃப்பாகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டு இல்லாத பிரதி கிடைக்கும். அப்படியும் ஏற்கவில்லை என்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள். அவர்களில் ஒருவர் பெயரில் அடைப்புக்குறி வைத்திருந்தார். அதை எடுத்ததும் ஏறிவிட்டது.