கல்யாண மேடை அலங்காரம்: படத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் வரும் தவறுகள்

தேதி குறித்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மேடைப் படங்கள் வந்து குவிய ஆரம்பிக்கும். வெளிர் ரோஜா நிறத் துணி, வெள்ளை ஆர்க்கிட், நடுவில் நியான் எழுத்து. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல, வட இந்தியக் குளிர்காலத்தில், திறந்த புல்வெளியில், பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. நம் வீட்டுக் கல்யாணம் நடப்பது மஞ்சள் சுவரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியும் உள்ள மண்டபத்தில். ரிசப்ஷன் ராத்திரி, முகூர்த்தம் விடிகாலை. மண்டபத்தை ஒரு தடவைகூட நின்று பார்க்காமல் படத்தை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே முளைக்கும்.

டெக்கரேட்டரிடம் பேசப் போகும் முன் அளவு டேப்புடன் மண்டபத்துக்குப் போய் வாருங்கள். மேடையின் அகலம், ஆழம், தரையிலிருந்து கூரை வரை உயரம், படிகள் எந்தப் பக்கம், பிளக் பாயின்ட் எங்கே, மேடைக்கு மேல் மின்விசிறி உண்டா, பின்சுவரில் கழற்ற முடியாத சாமி படமோ சிற்பமோ உண்டா, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சுவர், திரைச்சீலை, நாற்காலி, தரைவிரிப்பு இந்த நான்கின் நிறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை யாரும் மாற்றப் போவதில்லை. தீம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். அரக்கு நிற நாற்காலி நானூறு கிடக்கும் கூடத்தில் வெளிர் நீல மேடை தனித் தீவு மாதிரி நிற்கும். அதே கூடத்தில் சந்தன நிறமும் அரக்கும் பச்சிலையும் சேர்ந்த மேடை வைத்தால், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் மண்டபமே அலங்காரத்தில் சேர்ந்துவிடும்.

ஆழத்தை விழுங்கும் பின்னணி

அகலத்தை எல்லோரும் கேட்பார்கள். ஆழத்தைப் பலர் கேட்பதில்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். பின்னணிச் சட்டமும் அதைத் தாங்கும் முட்டும் 2 அடி. மணமக்களின் நிழல் பின்னணியில் விழாமல் இருக்க இடைவெளி 3 அடி. மணையில் உட்கார 3 அடி. ஹோம குண்டமும் பூஜைச் சாமான்களும் 3 அடி. தீயை வலம் வர முன்பக்கம் 3 அடி. ஆக 14 அடி. மேடையே 12 அடிதான் என்றால், படத்தில் பார்த்த இரண்டடுக்கு வளைவும் தொங்கும் கூண்டுகளும் அங்கே பொருந்தாது. கட்டாயப்படுத்திப் பொருத்தினால் புடவைத் தலைப்பு குண்டத்தை உரசும் தூரத்தில் பெண் நடக்க வேண்டியிருக்கும். ஆழம் குறைந்த மேடைக்குத் தட்டையான பின்னணியே சரி: துணி, பூச்சரம், அல்லது குருத்தோலைத் தட்டி.

பட்டோடு மோதும் நிறம்

தீம் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் ஜவுளிக்கடை. முகூர்த்தப் புடவை, ரிசப்ஷன் உடை இரண்டும் முடிவான பிறகுதான் பின்னணி நிறத்தைப் பேச வேண்டும். அப்போதும் "புடவைக்கு மேட்ச்சாகப் பண்ணுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். இலைப்பச்சைப் பட்டு கட்டிய பெண் இலைச் சுவருக்கு முன் நின்றால் முகமும் கையும்தான் தெரியும், உடல் சுவரோடு கரைந்துவிடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை அங்கவஸ்திரத்தோடு மாப்பிள்ளை நிற்க, பின்னால் வெள்ளைத் துணி இருந்தாலும் இதே கதிதான்.

புடவையின் உடல் நிறத்தை விட்டுவிட்டு, கரை நிறத்தைப் பின்னணியில் சின்ன அளவில் எடுத்துக்கொள்வது நல்ல வழி. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை என்றால் பின்னணி சந்தனம் அல்லது இலைப்பச்சை, பூக்களில் ஆங்காங்கே அரக்கு. எம்.எஸ். நீலப் பட்டுக்குப் பின்னால் வெள்ளைச் சம்பங்கியும் மஞ்சள் சாமந்தியும் போதும், நீலம் தானே எழுந்து நிற்கும். ரவிக்கை தைத்ததில் மிச்சம் விழுந்த துண்டைப் பத்திரப்படுத்தி டெக்கரேட்டரிடம் கையில் கொடுங்கள். கைபேசியில் எடுத்த படம் பட்டின் நிறத்தைச் சரியாகக் காட்டாது. மயில் கழுத்து நிறம் ஒரு திரையில் பச்சையாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியும்.

பூவைப் பெயர் சொல்லாமல் பேசுவது

"ஒரிஜினல் பூ அலங்காரம்" என்று மட்டும் எழுதிய கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பூ, எத்தனை சரம், எந்த இடத்தில், எது அசல், எது துணிப்பூ என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். இரண்டும் கலப்பதில் தவறில்லை. கண் மட்டத்துக்கு மேல், எட்டடிக்கு அப்பால் இருப்பவை துணிப்பூவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில், மணையைச் சுற்றி, வரவேற்பு வாசலில் அசல் பூ வேண்டும். அங்கேதான் மக்கள் தொடுவார்கள், வாசனை பிடிப்பார்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. வட இந்தியப் படங்களில் குண்டு குண்டாகத் தொங்கும் ஆரஞ்சுப் பூ நம் ஊரில் செண்டுமல்லி, சில இடங்களில் துலுக்கச் சாமந்தி. படத்தைக் காட்டாமல் "சாமந்தி" என்று சொன்னால் சாமந்தியேதான் வந்து இறங்கும்.

சரத்தின் கணக்கைத் தெரிந்துகொண்டால் பேரம் எளிது. 12 அடி அகலம், 8 அடி உயரப் பின்னணிக்கு 4 அங்குலத்துக்கு ஒரு சரம் என்றால் 36 சரம், மொத்தம் 288 அடி. ஒன்றரை அடி ஒரு முழம் என்று வைத்தால் 192 முழம். இடைவெளியை 2 அங்குலமாகக் குறைத்தால் 72 சரம், 384 முழம். படத்தில் இருப்பது எந்த நெருக்கம் என்று எண்ணிப் பார்க்காமல் விலை பேசினால், அன்று மாலை சரங்களுக்கு நடுவே பின்துணி பல்லிளிக்கும்.

மல்லிகையைப் பின்னணிக்குப் போடுவது மனசு கேட்கும் ஆசைதான், ஆனால் அது ஓர் இரவுப் பூ. விடிகாலையில் மொட்டாகப் பறித்தது அன்று மாலை விரியும், மறுநாள் காலை பழுப்பேறும். ரிசப்ஷனுக்கு ஏழு மணிக்கு மணக்கும் மேடை, மறுநாள் ஆறு மணி முகூர்த்தப் படத்தில் வாடிக் கிடக்கும். இரண்டு வேளையும் தாங்க வேண்டிய இடத்துக்குச் சாமந்தியும் செண்டுமல்லியும் நம்பகமானவை. சம்பங்கி ஒரு நாள் நன்றாகத் தாங்கும். மல்லியை மாலைக்கும் தலைக்கும் வையுங்கள். மாசமும் முக்கியம். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்துவிடும், தை முகூர்த்த நாட்களில் கோயம்பேட்டிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். வைகாசியில் கட்டுப்படியான அலங்காரம் தையில் கட்டுப்படியாகாது. ஆறு மாதம் முன்பே விலை பேசினாலும், பூ விலை ஏறினால் எதற்குப் பதில் எது போடுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

ஓசூர்ப் பக்கமிருந்து வரும் ஜெர்பெராவும் கார்னேஷனும் பச்சை ஃபோமில் குத்தி நிற்பவை. அந்த ஃபோம் கட்டியைத் தண்ணீரில் கையால் அழுத்தக் கூடாது. தானாக மூழ்கும்வரை விட வேண்டும். அழுத்தினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து நடுவே காற்று தங்கிவிடும். காம்பு அந்த உலர்ந்த பகுதியில் குத்தி நிற்கும், இரண்டு மணி நேரத்தில் ஜெர்பெரா தலை தொங்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் சூடான விளக்கின் அடியிலும் இந்தப் பூக்களை வைக்கவே கூடாது. குருத்தோலைத் தோரணத்தை முந்தின நாள் மதியமே கட்டினால் காலைக்குள் சுருண்டுவிடும். பின்னி முடித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடிகாலையில் ஏற்ற வேண்டும்.

விளக்கு

நல்ல அலங்காரத்தைக் கெடுப்பதில் முதலிடம் விளக்குக்குத்தான். பார் லைட் எனப்படும் வண்ண ஒளி பாய்ச்சும் விளக்கை மேடை முழுக்க அடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நீல ஒளியில் அரக்குப் பட்டு கறுப்பாகத் தெரியும். சிவப்புத் துணி திருப்பி அனுப்பச் சிவப்பு ஒளி வேண்டும், நீல விளக்கில் அது இல்லை. ஊதா ஒளியில் மஞ்சள் பூசிய முகம் சாம்பல் பூத்துப் போகும். குளிர்வெள்ளை விளக்கில் தங்கச் சரிகை வெள்ளிச் சரிகையாகிவிடும். வண்ண ஒளியைப் பின்னணித் துணியோடு நிறுத்துங்கள். முகத்தில் விழுவது 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) அளவிலான இளமஞ்சள் வெள்ளையாக இருக்கட்டும். புகைப்படக்காரரின் விளக்கும் அதே வகையா என்று முன்னமே கேளுங்கள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் 5600 கெல்வின் பகல் வெள்ளை என்றால் பெண்ணின் ஒரு கன்னம் ஆரஞ்சு, மறு கன்னம் நீலம். கேமராவில் ஒன்றைத்தான் சரி செய்ய முடியும்.

உச்சியிலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்குழி இருண்டு, நெற்றிச்சுட்டியின் நிழல் மூக்கில் விழும். மேடைக்கு முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வர வேண்டும். பின்னால் எல்இடி திரை வைப்பதானால் மணமக்கள் அதிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்க வேண்டும், திரையின் பிரகாசத்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகங்கள் இருண்டு, படத்தில் திரை முழுக்கக் கோடு கோடாக அலை ஓடும்.

மின்சாரக் கணக்கும் பாருங்கள். 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது அதிகபட்சம் 3,680 வாட். 150 வாட் பார் லைட் இருபது மாட்டினாலே 3,000 வாட் போய்விட்டது. அதே பிளக்கில் காபி மெஷினையும் செருகினால் மாலை மாற்றும் நேரத்தில் மேடை இருண்டுவிடும். ஜெனரேட்டரில் எந்த எந்த பாயின்ட் ஓடும் என்று மண்டப எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, மேடை விளக்கில் பாதியாவது அதில் வரும்படி செய்யுங்கள்.

சடங்கை மறந்த மேடை

வாத்தியாரைக் கேட்காமல் மேடை வரையாதீர்கள். மணமக்கள் எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும், குண்டம் எங்கே, அம்மி எங்கே, பாலிகை எங்கே, அரசாணிக்கால் உண்டா என்பதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். நட்டு முடித்த பின்னணியைக் காலை நாலு மணிக்குத் திருப்ப முடியாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று கெட்டிமேளம். தாலி கட்டும் அந்த நொடி வாத்தியாரின் கை உயர்வதைத் தவில்காரர் பார்க்க வேண்டும். மணவறையின் முன் தூண்கள் இரண்டும் பூச்சுற்றி ஒன்றரை அடி தடிமனாக நின்று, நடுவில் வீடியோக்காரர்கள் ஐந்து பேர் திரண்டுவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாது. மேளம் பிந்தும். அந்த நொடி திரும்பி வராது. எனவே நாதஸ்வரக் குழுவின் இடத்தை அலங்காரத்துக்கு முன்பே குறித்துவிடுங்கள், அங்கே உட்கார்ந்து மணையைப் பாருங்கள், மறைக்கும் தூணை நகர்த்தச் சொல்லுங்கள். முன் தூண்களே இல்லாத மணவறை இன்னும் நல்லது. முதல் வரிசையில் உட்காரும் பெரியப்பாவிலிருந்து கடைசி வரிசைப் பாட்டி வரை எல்லோருக்கும் தாலி கட்டுவது தெரியும்.

ஹோமத்துக்கு மேலே தாழ்வாகத் துணி விதானம் கட்டுவதை ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாதீர்கள். நெட் துணியும் துணிப்பூவும் ஒரு பொறிக்கே பிடித்துக்கொள்ளும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நெருப்பு மூண்டால் மக்கள் இறங்கும் படிக்கட்டை எந்தப் பூவளைவும் குறுக்கக் கூடாது. தீயணைப்பான் இரண்டு மேடையின் இரு பக்கமும் கைக்கெட்டும் இடத்தில், துணிக்குப் பின்னால் மறையாமல் இருக்கட்டும். மணமக்கள் நுழையும்போது கொளுத்தும் கோல்டு பயர் (cold fire) என்ற பொறி வாணம் புடவைக்கும் துணிக்கும் பத்தடி தள்ளியே எரியட்டும். நட்சத்திர ஓட்டல் கூடமானால் உள்ளே ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா, புகை உணர் கருவியை என்ன செய்வார்கள் என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

கடற்கரைக் கல்யாணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் எடுத்து, கோவா படத்தைக் காட்டி, கடலில் சூரியன் மறையும் பின்னணி கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம் மறையும். மாலை ஆறரைக்குக் கடலைப் பார்த்து எடுத்த படத்தில் இருட்டுதான் இருக்கும். கடல் வேண்டுமென்றால் முகூர்த்தத்தை விடிகாலைக்கு வையுங்கள், அந்த ஒளிக்கு எந்த விளக்கும் ஈடாகாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்கு உள்ளே ஒரு கூடம் பேசியே ஆக வேண்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும். மணலில் வெறுமனே நட்ட பூவளைவு சாயும், அடியில் மணல் மூட்டை கட்டாயம்.

இரவு மாற்றமும் இறக்கமும்

ரிசப்ஷனுக்கு ஒரு செட்டிங், முகூர்த்தத்துக்கு ஒரு செட்டிங் என்று ஆசைப்பட்டால் இரவு பத்தரைக்கும் காலை நாலுக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம்தான். அதற்கு எத்தனை ஆள் வருவார்கள், யார் விழித்திருந்து பார்ப்பார்கள் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். சட்டம் ஒன்றாகவே இருந்து துணியும் பூவும் மட்டும் மாறும்படி வடிவமைத்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். மண்டபம் முந்தின நாள் எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முந்தின கல்யாணக்காரர்கள் மூன்று மணிக்குக் காலி செய்தால் ஆறரை ரிசப்ஷனுக்கு மூன்றரை மணி நேரமே கிடைக்கும், அதற்குள் ஆகிற அலங்காரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறக்கும்போது வீட்டுச் சாமான் காணாமல் போவது அடிக்கடி நடக்கும். டெக்கரேட்டர் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கும் உருளியும் நம் வீட்டு விளக்கும் உருளியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அவசரத்தில் அவர்கள் வண்டியில் ஏறிவிடும். மண்டபத்துக்குக் கொண்டுபோகும் முன்பே நம் பொருள் ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள், எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள், அந்தத் தாளைக் கல்யாண வேலை வேறெதுவும் இல்லாத ஒருவர் கையில் கொடுங்கள்.