ஐலா தீவில் வாத்துகளைக் காண உகந்த நேரம்

கிரீன்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் வலசை வரும் பார்னக்கிள் வாத்துகளைக் காண ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கு அக்டோபரில் செல்பவர்கள், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லாக் குருய்னார்ட் கடற்கழியின் கரையை அடைந்துவிட வேண்டும். பகலெல்லாம் புல்வெளிகளில் மேய்ந்த கூட்டங்கள் இரவு தங்குவதற்காகக் கழியின் சேற்றுப் பரப்புக்குத் திரும்புவது அப்போதுதான். நாய்க்குட்டிகள் குரைப்பதைப் போன்ற ஒலி முதலில் கேட்கும், பிறகே வானில் வரிசைகள் தெரியும். பிரிட்டனில் கோடைக்கால நேரம் முடிந்து, அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தப்படுவதால், அதன் பின்னர் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பகலில் காரைவிட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு இருநோக்கியால் பாருங்கள். நின்றிருக்கும் வண்டியைப் பொருட்படுத்தாத வாத்துகள், மனிதர் கதவைத் திறந்த மறுகணமே கூட்டமாக எழுந்து பறந்துவிடும். வெள்ளை முகமும் கறுப்புக் கழுத்தும் கொண்டவை பார்னக்கிள் வாத்துகள். அவற்றுக்கு அருகே ஆரஞ்சு நிற அலகும், அலகு முகத்தோடு சேரும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையும், வயிற்றில் கறுப்புக் கோடுகளுமாகப் பழுப்பு நிறப் பறவைகள் தென்பட்டால் அவை கிரீன்லாந்து வெண்நெற்றி வாத்துகள். எண்ணிக்கையில் குறைந்துவரும் அவற்றை எக்காரணம் கொண்டும் மேய்ச்சலிலிருந்து கலைத்துவிடாதீர்கள்.